மனுவில் கண்ட விலாசம்

ஜூன் 17, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. சாரல் காற்று என்றால் தென்காசிக்காரர்களுக்கு ஒரே பூரிப்பு. கொடியில் போட்ட உள்பாவாடையை அடுத்த வீட்டு முருங்கை மரத்திலிருந்து எடுக்கிறவளுக்கு அந்தப் பூரிப்பு வராது. இட்லி மாவும் பொங்கவில்லை.

கோர்ட்டில் நாலு வாய்தா. மூன்று தள்ளிப் போயின. நாலாவது சிவசைலத்தின் விவாகரத்து மனு. மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். என் வீட்டுக்காரர் மின்வாரிய ஆபீஸ் விட்டதும் நேரே போய் உட்கார்கிற கடை அதுதான். அந்தப் பழக்கத்தில் என்னிடம் வந்த கேஸ். மனைவி உலகம்மாள் பிள்ளையையும் விட்டுவிட்டு மூன்று வருஷத்துக்கு முன் போய்விட்டாள், எங்கே இருக்கிறாள் என்று தெரியாது, விவாகரத்து வேண்டும், எட்டு வயசுப் பெண் குழந்தை என்னிடமே இருக்க வேண்டும் என்பது மனு. அவளுடைய பிறந்த வீட்டுக்குப் போன இரண்டு நோட்டீஸும் 'கதவு பூட்டியுள்ளது' என்று திரும்பி வந்தன. இன்று பேப்பரில் விளம்பரம் போட அனுமதி கேட்டேன். ஜட்ஜ் கொடுத்துவிட்டார். ஜூலை எட்டாம் தேதி அவள் வரவில்லை என்றால் எக்ஸ்பார்ட்டி. அவள் இல்லாமலே எல்லாம் முடிந்துவிடும்.

வராந்தாவுக்கு வந்ததும் சிவசைலம் டீ வாங்கிக் கொடுத்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, விளம்பரம் திருநெல்வேலிப் பதிப்புல மட்டுந்தான வரும்? திருப்பூர்ப் பதிப்புல வராதுல்லா?" என்றான்.

"திருப்பூர்ல எதுக்குடா வரணும்?"

"வரக்கூடாதுன்னுதான் கேக்கேன். அவ அங்கனதான இருக்கா."

டீ சூடாக இருந்தது. கிளாஸைக் கீழே வைக்க இடம் இல்லை. அவன் சொல்லிக்கொண்டே போனான். வக்கீலிடம் சொல்வதற்கு என்ன என்ற நினைப்பு. உலகம்மாள் எங்கேயும் ஓடிப்போகவில்லை. கடையை விரிக்க வாங்கிய கடனை அடைக்க இவன்தான் அவளைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏற்றி விட்டிருக்கிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிள்ளையோடு போனில் பேசுகிறாள். போன பொங்கலுக்குக்கூட இங்கேதான் இருந்தாளாம். இவனுக்கு இப்போது வேறொரு இடத்தில் பெண் பார்த்து ஆகிவிட்டது. வீட்டில் கூடவே இருக்கிற அவன் அம்மாவுக்குக்கூட மனு விஷயம் தெரியாதாம்.

"தெரிஞ்சா அழுவா, ஊரக் கூட்டுவா. தெரியாமலே முடிஞ்சிட்டுன்னா யாருக்கும் நோக்காடு இல்ல பாத்துக்கிடுங்க."

"சரி, பாப்போம்" என்றேன். அதைத்தான் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் டைரியில்கூட எழுதக்கூடாது. கட்சிக்காரன் சொன்னது சொன்ன இடத்தோடு. அலமாரிச் சாவியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். இராத்திரிக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. அஜீரணம்.

ஜூன் 18, புதன்

மனுவை எடுத்துப் படித்தேன். நான் எழுதியது. 'பெற்ற பிள்ளையைத் தவிக்க விட்டு, தன் சுகமே பெரிதென்று வீட்டைத் துறந்து சென்றவர்' என்று ஐந்தாவது பத்தியில் இருக்கிறது. சிவசைலம் 'போயிட்டா' என்று ஒரு வார்த்தைதான் சொன்னான். மீதியெல்லாம் என் கைவரிசை. எழுதிய அன்று நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டேன்.

பாத்திரமெல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "தீபாவளியா மொழி?" என்றார். என் பெயர் குழல்வாய்மொழி. அவருக்கு அவ்வளவு நீளம் கூப்பிடப் பொறுமை இல்லை.

ஜூன் 19, வியாழன்

சிவசைலத்தை ஆபீஸுக்கு வரச் சொன்னேன். குமாஸ்தா மைதீன் பாயை ஸ்டாம்ப் வாங்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"திருப்பூர் விலாசத்தக் குடு. அங்க நோட்டீஸ் அனுப்புவோம். அவ வரட்டும், வந்து சொல்லுததச் சொல்லட்டும். ரெண்டு பேருக்கும் ஒத்துவரலன்னா அதுக்கும் வழி இருக்கு. கோர்ட்டுல 'விலாசம் தெரியாது'ன்னு நீ சத்தியம் பண்ணிக் குடுத்திருக்க. அது பொய்."

"நாந்தானக்கா பண்ணிருக்கேன். உங்களுக்கு என்ன?"

"தாக்கல் பண்ணினது நான்."

"அதுக்குத்தான வக்கீலு. எழுதிக் குடுத்தத வாசிச்சா போதும்லா."

அடிக்கலாம் போல வந்தது. அவன் மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை. மொபைலில் பிள்ளையின் படத்தை எடுத்துக் காட்டுகிறான். பள்ளிக்கூட டான்ஸில் மயில் வேஷம். அம்மாதான் திருப்பூரிலிருந்து துணி தைத்து அனுப்பினாளாம். காட்டிக்கொண்டே இதைச் சொல்கிறான். உறைக்கவே இல்லை.

"அப்ப நான் வக்காலத்துலேருந்து விலகிக்கிடுதேன். நீ வேற ஆளப் பாரு."

"என்னக்கா, இதுக்குப் போயி" என்று சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான். இல்லை என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டான்.

ஜூன் 20, வெள்ளி

வீட்டுக்காரருக்கு விஷயம் எட்டிவிட்டது. கடையில் சொல்லியிருக்கிறான்.

"சண்டையா? பிடிக்கலைன்னா கேஸத் திருப்பிக் குடுத்துட்டு வர வேண்டியதுதான?" என்றார்.

வக்காலத்து வாங்குவது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை என்றும், வெளியே வருவதற்குக் கட்சிக்காரனுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, போதிய காரணத்தோடு கோர்ட்டில் மனுப் போட்டு, ஜட்ஜ் அனுமதிக்க வேண்டும் என்றும் விளக்கினேன். நடு ஆற்றில் ஒருத்தனை இறக்கி விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது, அதற்காகத்தான் இத்தனை விதி. "கல்யாணத்துக்கும் இப்பிடி வச்சிருக்கலாம்" என்றார். சிரிப்பு வரவில்லை.

"காரணம் என்னன்னு போடுவ?"

அதுதான் கேள்வி. காரணத்தைச் சொன்னால் கட்சிக்காரன் நம்பிச் சொன்னதை வெளியே சொன்னவளாவேன். இவரிடமும் சொல்லவில்லை. அப்படியும் இவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு பொங்கலுக்கு வந்திருந்துச்சே, கடைக்கு முறுக்கு கொண்டாந்து குடுத்துச்சு" என்றார். "சாப்பிடுங்க" என்றேன்.

மைதீன் பாய் இரண்டு வழி சொன்னார். ஒன்று, சிவசைலம் புது வக்கீல் பார்த்து வக்காலத்து எழுதிக்கொண்டு வந்தால் 'ஆட்சேபணை இல்லை' என்று நான் ஒரு கையெழுத்துப் போடுவது. அன்றைக்கே கழன்றுகொள்ளலாம். இன்னொன்று, கோர்ட்டில் எழுந்து 'நோ இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்' என்பது. கட்சிக்காரனிடமிருந்து தகவல் இல்லை என்று அர்த்தம். எங்கள் கோர்ட்டில் தினம் நாலு பேர் அதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தகவல் இல்லாமலா இருக்கிறது எனக்கு?

இரண்டுமே சுலபம். இரண்டிலும் நான் வெளியே வந்துவிடுவேன். எட்டாம் தேதி வேறொருவர் என் இடத்தில் எழுந்து நிற்பார், அந்தப் பெண்ணுக்குப் புருஷனும் போய், பிள்ளையும் போய்விடும், அது தெரியாமல் அவள் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல் போன் பேசிக்கொண்டிருப்பாள்.

ஜூன் 22, ஞாயிறு

பூ வாங்கப் போனேன். வாசலிலேயே பூக்காரி வருகிறாள்தான். நடந்தால் ஜீரணத்துக்கு நல்லது என்று கொஞ்சம் தள்ளிப் போனேன். சிவசைலத்தின் வீடு அந்தத் தெருவில்தான் இருக்கிறது. பூக்கடை அதற்கு எதிரே இருந்தால் நான் என்ன செய்வது?

பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தது. "டிக்டேஷன்ல பத்துக்கு ஒம்பதும்மா. 'வெள்ளாமை'ல தப்பு விட்டுட்டேன்." அந்தப் பக்கத்துக் குரல், "எந்த ல போட்ட?" என்று கேட்டது. பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் போல. பிள்ளை சொன்னதும் அவள் சிரித்தாள். கொஞ்சம் கரகரப்பான குரல்.

பத்தடி தூரம். நான் போய் அந்தப் போனை வாங்கி நாலு வாக்கியம் பேசினால் தீர்ந்தது. பேசினால் நான் வக்கீல் இல்லை. பிறகு எந்தக் கட்சிக்காரனும் எந்த வக்கீலிடமும் வாய் திறக்க முடியாது. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் ஜூனியர்களுக்குச் சொல்லி வருகிறேன். இன்றுதான் அது எனக்கே கசக்கிறது.

மூன்று முழம் வாங்கினேன். தலையில் வைக்கக்கூட மறந்து, ஃப்ரிட்ஜில் கிடக்கிறது.

ஜூன் 23, திங்கள்

விலகல் நோட்டீஸ் எழுதினேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். 'தங்கள் வழக்கை நடத்தும் முறை குறித்து' என்று ஆரம்பித்தால் முறை என்ன என்று கேட்பார்கள். 'உடல்நிலை காரணமாக' என்றால் பொய். கடைசியில் 'தொழில்முறைக் காரணங்களால் தொடர்ந்து ஆஜராக இயலவில்லை. ஜூலை எட்டாம் தேதி நீதிமன்றத்தில் அனுமதி கோர உள்ளேன். வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளவும். வழக்குக் கட்டைப் பெற்றுக்கொள்ளவும்' என்று முடித்தேன். செய்யாத வேலைக்கு வாங்கிய பீஸைத் திருப்பிக் கொடுப்பதாகவும் ஒரு வரி.

வழக்கமாக நோட்டீஸ் இங்கிலீஷில்தான். இதைத் தமிழில் எழுதினேன். சிவசைலம் பத்தாம் வகுப்பு. அவனுக்குப் புரிய வேண்டாமா? தலைப்பில் வழக்கை முழுசாகக் குறிப்பிட வேண்டும் என்பது முறை. ஆகவே 'சிவசைலம், மனுதாரர். எதிர்: அவர் மனைவி உலகம்மாள், எதிர்மனுதாரர். விவாகரத்தும் குழந்தையின் பொறுப்பும் கோரும் மனு' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

மைதீன் பாய் கவரை எடுத்து, "கடை அட்ரஸ்தான மேடம்? அவரு எப்பவும் கடைக்குத்தான் அனுப்பச் சொல்லுவாரு" என்றார்.

"மனுவில் கண்ட விலாசம்" என்றேன்.

"அது வீட்டு அட்ரஸ்லா?"

"மனுவில் கண்ட விலாசத்துக்கு அனுப்பணும். அதான் விதி."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். விதி அதுதான். யார் வேண்டுமானாலும் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 24, செவ்வாய்

ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்தர் தபாலில் போயிற்று. ரசீது வழக்குக் கட்டில் இருக்கிறது.

ஜூன் 25, புதன்

பரணைச் சுத்தம் செய்தேன். பாடாத ரேடியோ இரண்டு, உரல் ஒன்று.

ஜூன் 26, வியாழன்

காலையில் பத்து மணி இருக்கும். ஆபீஸில் இருந்தேன். சிவசைலம் வந்தான். கையில் புது வக்காலத்து. ஊர்ப் பெரிய வக்கீல் யாரும் இல்லை, போன வருஷம் பதிவு செய்த பையன். இந்த இடத்தில் ஒரு கையெழுத்து என்று விரலால் காட்டினான்.

"உங்க மேல ஒண்ணும் வருத்தம் இல்லக்கா. உங்க வீட்டு அண்ணாச்சிக்காகத்தான் இவ்வளவு நாளு. கையெழுத்தப் போட்டுட்டா நான் பாட்டுக்குப் போயிருவேன்."

கட்சிக்காரன் வக்கீலை மாற்றிக்கொள்வது அவன் உரிமை. தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. பேனாவை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். என்னவோ அது எழுதவில்லை. உதறினேன். வேறு பேனா தேடினேன். மேசை மேலேயே மூன்று கிடந்ததை மைதீன் பாய் எடுத்துக் கொடுக்காமல் இருந்தார், அதற்காக அவரை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"எதுக்கும் நோட்டீஸ் ஒண்ணு அனுப்பிருக்கேன். வாங்கி வச்சுக்கோ" என்றேன். அவன் கட்சிக்காரன். அவனிடம் மறைக்கக் கூடாது.

"கடைக்கு ஒண்ணும் வரலையே."

"வீட்டுக்கு."

அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். "வீட்டுக்கு எதுக்குக்கா அனுப்புனிய? அம்மா இருக்கால்லா!" என்று கத்தினான். வக்காலத்தை மேசையிலேயே போட்டுவிட்டு ஓடினான். வண்டி கிளம்பின சத்தம் தெருமுனை வரை கேட்டது. எங்கள் பக்கம் தபால்காரர் பத்தேகாலிலிருந்து பத்தேமுக்காலுக்குள் வருவார். அவன் தெருவுக்கு எப்போது என்று தெரியாது.

கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன். கேட்டால் கொடுக்க வேண்டியது. சாயங்காலம் வரை வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

அவனும் வரவில்லை, ஒப்புகை அட்டையும் வரவில்லை. வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். கடைக்குப் போனாராம், சிவசைலம் நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டானாம். பதினைந்து வருஷமாக உட்கார்ந்த நாற்காலி. ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நான் சாம்பாருக்குத் தாளிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு, "கடுகு வெடிக்கல" என்கிறார். தினமும் இப்படி நின்றால் இன்னொரு விவாகரத்து மனு எழுத வேண்டிவரும்.

ஜூன் 28, சனி

ஒப்புகை அட்டை வந்தது. கையெழுத்து இடத்தில் கட்டைவிரல் ரேகை. பக்கத்தில் தபால்காரர் எழுத்தில் 'ஆவுடையம்மாள், தாயார்'. தேதி 26.

வாங்கியது அந்த அம்மாள். ஆனால் வாங்கிய கையோடு மகனிடம் கொடுத்திருந்தால்? எழுதப் படிக்கத் தெரியாதவள், மகன் ஓடிவந்து கேட்டால் வேறென்ன செய்வாள்? போயிற்று. எல்லாம் போயிற்று. நான் விதிப்படி செய்தேன், விதிப்படி வந்த அட்டை கட்டில் இருக்கிறது. தலைவலி தாங்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

மத்தியானம் மூன்று மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஆவுடையம்மாள். வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைக்குள்ளிருந்து என் நோட்டீஸை நாலாக மடித்தபடி எடுத்தாள்.

"நீதான வக்கீலு? இதுல என்னன்னு எழுதியிருக்க?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தபால்காரரு குடுத்துட்டுப் போன கொஞ்ச நேரத்துல இவன் பறந்துக்கிட்டு வாரான். தபாலு வந்துதா, தபாலு வந்துதான்னு. அவன் மொகத்தப் பாத்தேன். வரலன்னு சொல்லிட்டேன். நேத்து ராத்திரி பாப்பா கிட்டக் குடுத்துப் படின்னேன். அது எழுத்துக் கூட்டிப் படிக்கி. உலகம்மாங்கா. விவாகரத்துங்கா. அப்பிடின்னா என்ன, ஆச்சின்னு எங்கிட்டக் கேக்கா. எந்த உலகம்மா? எங்க உலகம்மாளா?"

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

"வாயத் தொறந்து சொல்லேன், தாயி. ஆமான்னு சொல்லு, இல்ல இல்லன்னு சொல்லு."

"என்னால சொல்ல முடியாதும்மா. உங்க மகன்கிட்டக் கேளுங்க."

"அவன்கிட்டக் கேட்டா உண்மையா வரும்? நீ படிச்சவ. எழுதினவ. உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்ததுதான் தொல்லை. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நோட்டீஸையே பார்த்தாள். படிக்கத் தெரியாதவள் அதில் என்ன பார்த்தாளோ.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழம. சாயங்காலம் அவ போன் வரும்" என்றாள். "எனக்கு ஒரே மவன்."

"அத்தை, நான் ஒண்ணும் சொல்லுததுக்கு இல்ல" என்றேன். ஏன் திடீரென்று அத்தை என்று கூப்பிட்டேன் என்று தெரியவில்லை.

"உங்கிட்ட யாரு கேட்டா?" என்று நோட்டீஸை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் ஆறு மணியிலிருந்து வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தேன். பெற்ற மகனை விட்டுக்கொடுப்பாளா? நான் என்றால் விட்டுக்கொடுப்பேனா? தெரியவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை.

ஜூலை 2, புதன்

விலகல் மனுவைத் தாக்கல் செய்தேன். நோட்டீஸ் நகல், ஒப்புகை அட்டை இரண்டும் இணைப்பு. எட்டாம் தேதிக்கே போட்டுக்கொடுத்தார்கள். திருப்ப வேண்டிய பீஸை மைதீன் பாய் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வந்தார். சிவசைலம் ஒன்றும் பேசவில்லையாம். மேசையில் விட்டுப்போன வக்காலத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 5, சனி

ஒரு தகவலும் இல்லை. பூ வாங்கப் போகவில்லை. போகக் கூடாது என்று வைராக்கியமாக வீட்டிலேயே இருந்து ஊறுகாய் போட்டேன். உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

நாளைக்கு. வீட்டுக்காரர் என் கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். கேட்காமலே.

ஜூலை 8, செவ்வாய்

பதினொன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். முதலில் என் மனு. சிவசைலம் பின்பக்கச் சுவரோரம் நின்றான். புது வக்கீல் பையன் கட்டோடு தயாராக முன்னால் நின்றான்.

ஜட்ஜ் மனுவைப் பார்த்துவிட்டு, "நோ இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸாம்மா?" என்றார்.

"இல்லை ஐயா. தொழில்முறைக் காரணம்."

"என்ன காரணம்?"

"அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஐயா."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் சிவசைலத்தைப் பார்த்தார். அப்புறம் விளம்பரம் வந்த பேப்பரை எடுத்து ஒரு தரம் புரட்டினார். "கட்சிக்காரருக்கு ஆட்சேபணை உண்டா?" என்றார். இல்லை என்றான் பையன். "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதினார். அவ்வளவுதான். இருபது நாள் என்னைத் தூங்கவிடாத விஷயம், ஒரு வாய் வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் முடிந்தது. நான் என் நாற்காலியிலிருந்து எழுந்து பின் வரிசைக்குப் போனேன்.

பையன் உடனே, எதிர்மனுதாரர் ஆஜராகவில்லை, எக்ஸ்பார்ட்டி ஆக்க வேண்டும் என்று ஆரம்பித்தான். ஜட்ஜ் கையைக் காட்டி, "பேரைக் கூப்பிடட்டும்" என்றார். டவாலி வராந்தாவுக்குப் போய், "உலகம்மாள்" என்று குரல் கொடுத்தார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் ஒரு பெண். கசங்கின சேலை, தோளில் டிராவல் பை, ராத்திரி பஸ்ஸில் வந்த முகம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆவுடையம்மாள்.

"நாந்தான்யா உலகம்மா. இங்கனதான் இருக்கேன். எங்கயும் போகல" என்றாள். அதே கரகரப்பான குரல். பையனின் கையிலிருந்த தாள் கீழே விழுந்தது. சிவசைலம் தாயாரைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

ஜட்ஜ் எங்கே இருக்கிறாய், எப்போது ஊருக்கு வந்தாய் என்று இரண்டொரு கேள்வி கேட்டார். 'விலாசம் தெரியாது' என்று சத்தியம் செய்தவன் அடுத்த வாய்தாவில் அதற்கு விளக்கம் தர வேண்டும் என்றார். அவளுக்கு மனுவின் நகல் ஒன்று கொடுக்கச் சொன்னார். பதில் போட ஒரு மாசம் அவகாசம், வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் பின்கட்டில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது என்றும் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இதை எழுத வெட்கப்படவில்லை.

வராந்தாவுக்கு வந்தேன். போயிருக்கலாம், போகவில்லை. உலகம்மாள் தூணோரம் நின்று நகலைப் படித்துக்கொண்டிருந்தாள். விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். ஐந்தாவது பத்தியில் விரல் நின்றுவிட்டது. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தாள். ஆவுடையம்மாள் என் பக்கம் கையைக் காட்டினாள். அவள் வந்தாள்.

"பெத்த பிள்ளையத் தவிக்க விட்டுட்டுப் போனவன்னு போட்டிருக்கு. இது நீங்க எழுதினதா?"

"ஆமா. நாந்தான் எழுதினேன்."

"என்னய நீங்க பாத்திருக்கியளா?"

"இல்ல."

"யாரு சொல்லி எழுதினிய? அவரு இப்பிடியா சொன்னாரு? இதே வார்த்தையா?"

அதையும் நான் சொல்ல முடியாது. வக்காலத்திலிருந்து விலகினாலும் வாய்க்கட்டு விலகாது. அவன் இந்த வார்த்தையைச் சொல்லவில்லை, நான் சேர்த்தது என்று சொல்லக்கூட முடியாது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, ஒரு அலுப்பு. "அங்க உள்ள எந்திரிச்சுப் பின்னால போனியள்லா. இப்ப நீங்க யாருக்கு வக்கீலு?"

"யாருக்கும் இல்ல."

"எனக்கு வருவியளா?"

"வர முடியாதும்மா. அவருக்கு இருந்துட்டு உனக்கு வரக் கூடாது."

"அப்ப எதுக்கு இங்க நிக்கிய?"

பதில் சொல்ல எத்தனையோ இருந்தது. வீட்டு விலாசம் இருந்தது, தமிழில் எழுதிய நோட்டீஸ் இருந்தது, எழுதாத பேனா இருந்தது. காற்றில் அவள் கையிலிருந்த தாள்கள் படபடவென்று அடித்தன. பிடித்துக் கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. எம்பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

வந்துவிட்டேன்.